அயன் அடித்த முழங்கால்: அயன் கற்றை எப்படி உருவாகிறது?

பெரியம்மாவுக்கு அடுத்த மாதம் முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை. போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் அவர் வீட்டு ஹோலில் ஆறேழு பேர் இருந்தோம். அவருக்கு வைக்கப்போகும் செயற்கை மூட்டின் விளம்பரத் தாள் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. பளபளப்பான தாள், மூட்டின் படம், படத்துக்குக் கீழே மேற்பரப்புக்கு ‘அயன் இம்பிளான்டேஷன்’ செய்யப்பட்டது என்று ஒரே ஒரு வரி. அந்த வரிக்கு அரை மணித்தியாலத்துக்குள் மூன்று விளக்கங்கள் வந்துவிட்டன. "அயன் எண்டா இரும்புதானே, உள்ளுக்க துருப்பிடிக்காதோ?" என்றார் மாமா. பக்கத்து வீட்டு அக்கா, "இல்லை அங்கிள், அது கதிர் அடிச்ச உலோகம், காலுக்குள்ள இருந்து கதிர் வந்துகொண்டே இருக்கும்" என்றார். மச்சானோ, "மகரகமவில புற்றுநோய்க்குக் கரண்ட் பிடிக்கிறாங்களே, அதுதான் இது" என்றான். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. தாளை வாங்கி நாலாக மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தார். பயந்துவிட்டார் என்று எனக்கு விளங்கியது.

நான் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிப்பவன். மூன்றும் பிழை என்று அங்கேயே சொன்னேன். ஆனால் பிழை என்று சொன்னால் மட்டும் ஒருவருடைய பயம் போய்விடாது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் போகும். தாளில் இருந்த ‘அயன் இம்பிளான்டேஷன்’ என்றால் அயன் கற்றையை உலோகத்தில் அடித்து அயன்களை உள்ளே பதிப்பது. அதனால் அந்தக் கற்றை எப்படி உருவாகிறது என்று அடியில் இருந்து, விஞ்ஞானம் படிக்காத பெரியம்மாவுக்கும் விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன்.

அயன் என்றால் என்ன

முதலில் மாமாவின் சந்தேகம். உடுப்பு அயன் பண்ணுகிறோமே, அந்த அயன் வேறு. ஆங்கிலத்தில் இரண்டு வெவ்வேறு சொற்கள், தமிழ் எழுத்தில் வரும்போது ஒரே மாதிரி ஆகிவிட்டன, அவ்வளவுதான். இங்கே பேசுகிற அயனுக்கும் இரும்புக்கும் சம்பந்தம் இல்லை.

எந்தப் பொருளை எடுத்தாலும் அது அணுக்களால் ஆனது. அணுவின் நடுவில் நேர் மின்னேற்றம் உள்ள கரு, சுற்றிவர மறை மின்னேற்றம் உள்ள இலத்திரன்கள். இரண்டும் சமனாக இருப்பதால் வெளியே இருந்து பார்க்க அணுவுக்கு மின்னேற்றமே இல்லாத மாதிரி இருக்கும். அதில் ஒரு இலத்திரனைப் பிடுங்கிவிட்டால் கணக்குச் சரிவராது, நேர்ப்பக்கம் ஒன்று கூடிவிடும். அப்படிச் சமன் குலைந்த அணுதான் அயன். அணுவின் வகை மாறாது. நைதரசன் நைதரசன்தான், காபன் காபன்தான்.

ஏன் இந்தப் பாடு? பிடியில்லாத வாளியைக் கிணற்றில் இருந்து எப்படித் தூக்குவீர்கள்? சாதாரண அணு அப்படியான வாளி. மின்புலம் கொண்டு இழுத்தாலும் வராது, காந்தத்தால் திருப்பினாலும் திரும்பாது. ஒரு இலத்திரனைக் கழற்றியதும் அதற்கு ஒரு பிடி வந்துவிடுகிறது. அந்தப் பிடியில் மின்சாரக் கயிற்றைக் கட்டி இழுக்கலாம், வேகப்படுத்தலாம், நினைத்த இடத்துக்கு அனுப்பலாம். அயன் கற்றை பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: மின்னேற்றம் என்பது அணுவைப் பிடித்துத் தூக்க நாம் போடுகிற பிடி.

கற்றை என்பது, இப்படியான கோடிக்கணக்கான அயன்கள் ஒரே திசையில் ஒரே மாதிரியான வேகத்தில் கட்டுக்கட்டாகப் போவது. வெளிச்சக் கற்றை என்று சொல்லிப் பழகியதால் இதையும் ஒரு வகை வெளிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். வெளிச்சத்துக்கு எடை கிடையாது. அயனுக்கு உண்டு, அது முழு அணு.

இலத்திரனைப் பிடுங்குகிற இடம்

பெரியம்மாவின் ஹோலில் இன்னும் பழைய டியூப் லைட்தான். சுவிட்சைப் போட்டால் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி எரியும். அந்தக் குழாய்க்குள் நடப்பதைப் பார்த்தால் அயன் ஊற்றின் பாதி விளங்கிவிடும். அயன் ஊற்று என்பது அயன்கள் பிறக்கும் சிறு பெட்டி. டியூப்பின் இரண்டு முனையிலும் சூடான இழை இருக்கிறது, அதில் இருந்து இலத்திரன்கள் பறக்கின்றன, வழியில் இருக்கும் வாயு அணுக்களில் மோதி அவற்றின் இலத்திரன்களையும் தட்டிவிடுகின்றன, தட்டுப்பட்டவை போய் இன்னும் சிலவற்றைத் தட்டுகின்றன. கடைசியில் குழாய் முழுக்க அயன்களும் தனி இலத்திரன்களும் கலந்த ஒரு வாயு. இதற்குப் பெயர் பிளாஸ்மா. மின்னலின் பாதையில் இருப்பதும் அதுதான்.

அயன் ஊற்றிலும் அதே கதைதான், வாயு மட்டும் வேறு. மூட்டுக்கு வேண்டியது நைதரசன் என்பதால் கொஞ்சம் நைதரசன் வாயுவை உள்ளே விடுவார்கள். ஒரு நைதரசன் அணுவில் இருந்து முதல் இலத்திரனைப் பிடுங்க 14.5 இலத்திரன்வோல்ட் ஆற்றல் தேவை. இலத்திரன்வோல்ட் என்றால் ஒரு இலத்திரன் 1 வோல்ட் வித்தியாசத்தைக் கடக்கும்போது பெறுகிற ஆற்றல், மிகச் சிறிய அளவு. இழையில் இருந்து வரும் இலத்திரன்களை 100 வோல்ட் அளவில் தள்ளிவிட்டால் போதும், பிடுங்குகிற வேலையைத் தாராளமாகச் செய்யும். அந்த இலத்திரன்கள் நேராகப் போய்ச் சுவரில் முட்டி வீணாகாமல் இருக்க, சுற்றிவரக் காந்தம் வைத்து அவற்றைச் சுழல விடுவார்கள். சுழன்று போனால் பாதை நீளும், மோதல்கள் கூடும்.

வோல்ட் என்பது உயரம்

பிளாஸ்மாவுக்குள் அயன்கள் எல்லாப் பக்கமும் அலைகின்றன, அது இன்னும் கற்றை ஆகவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்தில் சிறு துளை இருக்கிறது. துளைக்கு எதிரே, நடுவில் ஓட்டை உள்ள ஒரு உலோகத் தகட்டை வைத்து, பெட்டியை உயர்ந்த நேர் வோல்ட்டிலும் தகட்டை அதைவிட மிகத் தாழ்ந்த வோல்ட்டிலும் வைப்பார்கள். துளைப் பக்கம் வரும் நேர் அயன்கள் வெளியே இழுபட்டு வரும், இலத்திரன்கள் உள்ளேயே தள்ளுப்படும்.

மொட்டை மாடித் தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் மாடியில் பைப்பைத் திறந்தால் தண்ணீர் மெதுவாக வரும், நிலத்தில் திறந்தால் பாய்ந்து வரும். தாங்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகம். அயனுக்கு வோல்ட் வித்தியாசம்தான் அந்த உயரம். மூட்டு வேலைக்கு 1 லட்சம் வோல்ட் வரிசையில் கொடுப்பார்கள். 1 லட்சம் வோல்ட்டைக் கடந்து வருகிற நைதரசன் அயனின் வேகத்தைக் கணக்குப் பார்த்தால் விநாடிக்கு 1,100 கிலோமீற்றருக்கும் மேல் வருகிறது. கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்குச் சுமார் 400 கிலோமீற்றர். பஸ்ஸில் இரவு முழுக்கப் போகிற தூரத்தை அந்த அயன் ஒரே விநாடியில் போய், திரும்பி வந்து, மறுபடியும் கிட்டத்தட்டப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆனால் வழி வெறுமையாக இருக்க வேண்டும். பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை புறக்கோட்டை மெயின் வீதியில் ஓடிப்பாருங்கள், இரண்டு அடி வைக்க முதல் ஒருவரில் மோதுவீர்கள். சாதாரண காற்று அயனுக்கு அப்படித்தான். காற்று மூலக்கூறு ஒன்று இன்னொன்றில் மோதாமல் போகக்கூடிய தூரம் ஒரு மைக்ரோமீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மைக்ரோமீற்றர் என்றால் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒன்று. அதனால் குழாய்க்குள் இருக்கும் காற்றைப் பம்புகளால் உறிஞ்சி, வெளியே இருப்பதில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். அப்போது ஒரு அயன் ஒன்றிலும் மோதாமல் பல பத்து மீற்றர் போகலாம். இந்த இயந்திரங்களில் பெரிய தொல்லையும் இதில்தான். குழாய்கள் பொருந்தும் ஏதாவது ஒரு இடத்தில் மயிரிழை கசிவு இருந்தால் முழு வேலையும் நின்றுவிடும்.

காலிமுகத்திடல் காற்றும் காந்தமும்

ஊற்றில் இருந்து நமக்கு வேண்டியது மட்டும்தான் வரும் என்று இல்லை. நைதரசன் தனி அணுவாகவும் வரும், சோடியாக ஒட்டிய மூலக்கூறாகவும் வரும், மிச்சம் இருந்த நீராவியில் இருந்து ஒட்சிசனும் கூடவே வரும். இவற்றைப் பிரிக்க ஒரு காந்தம்.

பின்னேரத்தில் காலிமுகத்திடலில் பிள்ளைகள் பிளாஸ்டிக் பந்து விளையாடுவதைப் பார்த்தால் தெரியும், கடல் காற்று பந்தைப் பக்கவாட்டில் கொண்டுபோய்விடும். அதே இடத்தில் கிரிக்கெட் பந்தை எறிந்தால் பெரிதாக விலகாது. காந்தமும் பறந்து போகிற அயனைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஒரே ஆற்றலோடு வருபவற்றில் இலேசானது கூட வளையும், பாரமானது குறைய வளையும். வளைந்து வருகிற இடத்தில் ஒரு ஒடுங்கிய பிளவை வைத்தால் நமக்கு வேண்டிய எடை மட்டும் அதற்குள்ளால் வரும், மற்றவை சுவரில் முட்டி நின்றுவிடும்.

கம்ப்யூட்டர் சில்லு செய்கிறவர்கள் இந்தப் படியை ஒருபோதும் விடமாட்டார்கள். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கருக்குள் இருக்கும் சில்லிலும் போரோன், பொஸ்பரஸ் அயன்களை இப்படிப் பிரித்தெடுத்துத்தான் சிலிக்கனுக்குள் செலுத்தியிருப்பார்கள். உலோக மூட்டுக்கு நைதரசன் மட்டும் போதும் என்கிற இடங்களில் சிலர் காந்தம் இல்லாமலே செய்துவிடுவார்கள், சோடியாக வந்தாலும் மேற்பரப்பில் மோதியதும் இரண்டாக உடைந்துவிடும் என்பதால்.

இதுவரை வந்த பாதையை ஒருமுறை பார்ப்போம். வாயுவை எடுத்தோம், இலத்திரனைத் தட்டி அணுவுக்குப் பிடி போட்டோம், வோல்ட் உயரத்தில் இருந்து விழவிட்டு வேகம் கொடுத்தோம், காந்தத்தால் தெரிந்தெடுத்தோம். இப்போது கற்றை கையில் இருக்கிறது. அதை எங்கே அடிக்கிறோம் என்பதுதான் மிச்சம்.

முலாம் பூசுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்

செட்டியார் தெருவில் பழைய வளையலுக்குத் தங்க முலாம் பூசக் கொடுத்திருப்பீர்கள். புதிதில் நன்றாக இருக்கும், கொஞ்ச வருஷம் போட்டால் விளிம்பில் தேய்ந்து உள்ளே இருக்கும் உலோகம் எட்டிப்பார்க்கும். முலாம் ஒரு தனிப் படை, அடியில் இருக்கும் உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அயன் பதித்தல் அப்படி இல்லை. வேகமாக வருகிற நைதரசன் உலோகத்தின் மேல்தோலைத் துளைத்து உள்ளே போய், கரம் பலகையில் ஸ்ரைக்கர் காய்களைச் சிதறடிப்பது போல அங்கே இருக்கும் அணுக்களைத் தள்ளி இடம் பிடித்துக்கொள்கிறது. உப்பில் ஊறிய மாங்காயில் உப்பு எங்கே முடிகிறது, மாங்காய் எங்கே தொடங்குகிறது என்று காட்ட முடியுமா? அதே போல இங்கேயும் பிரிகோடு கிடையாது, அதனால் உரிந்து வருவதற்கும் ஒன்றும் இல்லை.

எவ்வளவு ஆழம்? ஒரு மைக்ரோமீற்றர்கூட வராது. தலைமுடியின் தடிப்பு 70 மைக்ரோமீற்றர் அளவு என்று வைத்துப் பாருங்கள். ஆனால் அந்த மெல்லிய தோலுக்குள் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒன்றுக்குப் பின்னால் 17 பூச்சியம் போட்ட எண்ணிக்கையில் நைதரசன் போகிறது. டைட்டானியத்தோடு அது சேர்ந்தால் டைட்டானியம் நைட்ரைடு என்ற மிகவும் கடினமான சேர்வை உருவாகும். டைட்டானியக் கலவை உறுதியானது, எலும்போடு நன்றாக ஒத்துப்போகும், ஆனால் உரசினால் கீறல் விழும் குணம் உண்டு. முழங்கால் மூட்டில் உலோகம் உரசுவது பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக்கில், ஆகவே உலோகத்தில் விழும் கீறல் பிளாஸ்டிக்கைச் சுரண்டும். அதைத் தடுக்கத்தான் 1980களில் இருந்து செயற்கை மூட்டுகளுக்கு நைதரசன் பதிக்கும் முறை வந்தது. தங்க நிறத்தில் பளபளக்கும் மூட்டுகளும் கடைக்கு வருகின்றன. அவை பெரும்பாலும் நைட்ரைடை மேலே படையாகப் பூசியவை, இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

இந்த இடத்தில் என் கருத்தையும் சொல்கிறேன். மேற்பரப்பு கடினமாகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு மூட்டு எத்தனை வருஷம் உழைக்கும் என்பது அதை எந்தக் கோணத்தில் பொருத்தினார்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் எப்படிப்பட்டது, தொற்று வராமல் பார்த்தார்களா, நம் உடம்பு எடை எவ்வளவு என்பதில் எல்லாம் தங்கியிருக்கிறது. விளம்பரத் தாளில் அயன் என்ற சொல் இருக்கிறது என்பதற்காக மட்டும் கூடக் காசு கொடுக்க நான் சொல்லமாட்டேன்.

காலுக்குள் இருந்து கதிர் வருமா?

வராது. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், பெரியம்மா பயந்தது இதற்குத்தான்.

கதிர்த்தொழிற்பாடு என்றால் அணுவின் கரு நிலையில்லாமல் இருந்து, தானாகக் குலைந்து கதிர்வீச்சை வெளியிடுவது. ஒரு பொருள் அப்படி ஆக வேண்டும் என்றால் அதன் கருவில் யாராவது கை வைக்க வேண்டும். 1 லட்சம் வோல்ட்டில் வருகிற நைதரசனால் அது முடியாது. நைதரசன் கருவும் நேர், டைட்டானியம் கருவும் நேர், நெருங்க நெருங்க ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை வென்று கருவைத் தொட வேண்டும் என்றால் லட்சக்கணக்கு காணாது, கோடிக்கணக்கான இலத்திரன்வோல்ட் வேண்டும். அதனால் அயன் வழியில் இருக்கும் அணுக்களைத் தள்ளி இடம் மாற்றும், கருவைத் தொடாமலே நின்றுவிடும்.

நின்றதும் இன்னொன்று நடக்கிறது. உலோகம் முழுக்க இலத்திரன்கள் நிறைந்து கிடக்கின்றன, உள்ளே போன அயன் உடனே ஒன்றைப் பிடித்துக்கொண்டு பழையபடி சமனாகிவிடும். நாம் போட்ட பிடி கழன்றுவிட்டது. பெரியம்மாவின் காலுக்குள் போகப்போவது அயன் கற்றையே அல்ல, தொழிற்சாலையில் வந்து நின்றுபோன நைதரசன்.

‘கதிர் பட்டால் பொருள் கதிர் வீசும்’ என்ற நம்பிக்கை இந்த மூட்டோடு மட்டும் நிற்பதில்லை. பியகமவில் இருக்கும் இலங்கை காமா நிலையத்தில் கோபால்ட் 60 என்ற கதிர் வீசும் உலோகத்தைக் கொண்டு மருத்துவப் பொருட்களைக் கிருமிநீக்கம் செய்கிறார்கள். அங்கே காமாக் கதிர் பட்ட கையுறை கதிர் வீசுவதில்லை, டோர்ச் வெளிச்சம் பட்ட சுவர் பிறகு தானாக ஒளிராதது போல. அப்புறம், பாத்திரத்தில் கால் வைத்தால் அயன் நச்சை எடுக்கும் என்று விற்கிறார்களே, அதற்கும் நாம் பேசுவதற்கும் தொடர்பே இல்லை. அந்தத் தண்ணீர் பழுப்பாவது உள்ளே இருக்கும் உலோகத் தகடு அரிபடுவதால்.

அப்போது மகரகமவில் பிடிக்கிற கரண்ட்?

மச்சான் சொன்னதில் ஒரு நூல் அளவு உண்மை இருக்கிறது, அதைப் பிரித்துக் காட்ட வேண்டும். மகரகமவில் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்ச் சிகிச்சையை நம் ஆட்கள் கரண்ட் பிடிப்பது என்பார்கள். அங்கே பெரும்பாலும் உடம்புக்குள் போவது எக்ஸ் கதிர், அதற்கு மின்னேற்றமும் இல்லை, எடையும் இல்லை, ஆகவே அது கரண்ட் இல்லை. ஆனால் அயன் கற்றையால் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்யும் முறை உலகத்தில் தனியாக இருக்கிறது. அது இலங்கைக்கு இன்னும் வரவில்லை, கிட்டத்தில் என்றால் சென்னையில் 2019 இல் அப்பலோவின் புரோத்தன் நிலையம் திறந்தார்கள். புரோத்தன் என்பது ஐதரசனில் இருந்து அதன் ஒரே இலத்திரனையும் எடுத்த பிறகு மிஞ்சும் கரு, அயன்களில் மிகவும் இலேசானது.

மூட்டுக்கு 1 லட்சம் போதும் என்றோம். உடம்புக்குள் 30 சென்ரிமீற்றர் ஆழம் போக வேண்டும் என்றால் புரோத்தனுக்கு 23 கோடி இலத்திரன்வோல்ட் அளவு வேண்டும். நம் வீட்டு பிளக்கில் 230 வோல்ட், அதைப்போல் பத்து லட்சம் மடங்கு. அவ்வளவு உயரமான தாங்கி கட்ட முடியாது. அதற்கு வழி கண்டவர் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஏர்னஸ்ட் லோரன்ஸ். ஊஞ்சலில் பிள்ளையை ஒரே தள்ளில் உயர அனுப்ப முடியாது, வந்து வந்து போகும்போது சரியான நேரத்தில் சின்னத் தள்ளாகத் தள்ளினால் உயரப் போகும். காந்தத்தால் அயனை வட்டமாகச் சுற்ற வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் சிறு வோல்ட்டால் தள்ளுகிற இயந்திரம்தான் அவர் செய்த சைக்ளோட்ரான். 1931 இல் உள்ளங்கை அளவுப் பெட்டியில், 2,000 வோல்ட்டுக்கும் குறைவாகக் கொடுத்து 80,000 இலத்திரன்வோல்ட் எடுத்துக் காட்டினார். 1939 இல் நோபல் பரிசு. அவருடைய மாணவர் ரொபர்ட் வில்சன் 1946 இல் இதைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினார், 1954 இல் பேர்க்லியில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள்.

எக்ஸ் கதிர் இருக்க இது எதற்கு? எக்ஸ் கதிர் தோலுக்குக் கொஞ்சம் உள்ளேயே உச்சம் அடைந்து, ஆற்றலை வழி நெடுக விட்டுவிட்டு, கட்டியைத் தாண்டி மறுபக்கத்தாலும் வெளியேறும். அயன் வேறு மாதிரி. சட்டைப்பையில் காசோடு ஒருவர் புறக்கோட்டையில் அவசரமாக ஓடினால் எந்தக் கடையிலும் செலவழிக்கமாட்டார். களைத்து நடை தளரும்போதுதான் கடை கடையாக நிற்பார், நிற்க நிற்கக் காசு கரையும், கரையக் கரைய இன்னும் தளருவார், கடைசி நாலைந்து கடைகளில் மிச்சம் எல்லாம் முடிந்து அங்கேயே நின்றுவிடுவார். வேகமாகப் போகும் அயன் ஒவ்வொரு அணுவுக்கும் பக்கத்தில் மிகக் கொஞ்ச நேரமே இருக்கிறது, கொஞ்சம்தான் கொடுக்கிறது. வேகம் குறையக் கூடக் கொடுக்கிறது, முடிகிற இடத்தில் கொட்டித் தீர்க்கிறது. இந்தக் கடைசி உச்சத்துக்கு பிராக் உச்சம் என்று பெயர். 1904 அளவில் அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் வில்லியம் ஹென்றி பிராக் கண்டது. ஆற்றலைக் கூட்டிக் குறைத்து அந்தக் கடைசி இடத்தைக் கட்டிக்குள் வைத்துவிட்டால், அதற்கு அப்பால் இருக்கும் உறுப்புக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் போகாது. பிள்ளைகளின் மூளைக்குள்ளும் முதுகெலும்புக்குப் பக்கத்திலும் வரும் கட்டிகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவு ஆற்றலில் புரோத்தன் சில கருக்களைத் தொடத்தான் செய்யும். உடம்பில் கொஞ்சம் கதிர்த்தொழிற்பாடு உண்டாகும். பெரும்பாலும் நிமிடக் கணக்கில் பாதியாகிப் பாதியாகி, சில மணித்தியாலத்துக்குள் அநேகமாக அடங்கிவிடும். காபன் அயன் புரோத்தனைப்போல் 12 மடங்கு பாரம், அதை வளைக்கவே பெரிய காந்தங்கள் வேண்டும், காலிமுகத்திடல் கிரிக்கெட் பந்துதான். ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில் காபன் கற்றையை நோயாளியைச் சுற்றித் திருப்பும் அமைப்பு மட்டும் 670 தொன் அளவு.

இனி அந்தக் கரண்ட் என்ற சொல். மின்னேற்றம் ஓடினால் அதுதான் மின்னோட்டம், அப்படிப் பார்த்தால் அயன் கற்றையைக் கரண்ட் என்று சொல்வது பிழையே இல்லை. ஆனால் வீட்டு எல்ஈடி பல்பில் சில பத்து மில்லிஅம்பியர் ஓடுகிறது, சிகிச்சைக் கற்றையில் நானோஅம்பியர் கணக்கு, அது மில்லிஅம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஷொக் அடிக்குமா என்று யாரும் பயப்பட வேண்டாம்.

நேற்றுப் பின்னேரம் பெரியம்மாவிடம் போய் இதெல்லாம் சொன்னேன், காலிமுகத்திடல் பந்துக் கதையை இரண்டு தரம் கேட்டார். பிறகு, "அப்ப இது நாங்கள் இழுக்கிற மூச்சில இருக்கிற அதே நைதரசன்தானே?" என்றார். ஓம் பெரியம்மா, அதேதான் என்றேன். கண்ணாடிக் கூட்டைத் திறந்து அந்தத் தாளை எடுத்து, பின்பக்கத்தில் டொக்டரிடம் கேட்க வேண்டியதைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். உள்ளே வைக்கும் பிளாஸ்டிக் எந்த வகை, எத்தனை நாளில் நடக்கலாம் என்று எழுதினேன். "படி ஏறலாமோ எண்டும் எழுது" என்றார். அவர் வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லை.